மாமனார், மாமியார் 45 நாள் தங்க வருகிறார்கள்: பீடோங் வெயிலில் எப்படிச் சமாளிப்பது?

புதுவரவு, பீடோங்:

அனைவருக்கும் வணக்கம். அரியலூர் மாவட்டத்திலிருந்து கடந்த ஜனவரியில்தான் நாங்கள் மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங்குக்குக் குடிவந்தோம். எங்கள் வீட்டின் பின்வேலியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம். இன்னும் ஒன்பது நாளில், ஏப்ரல் 28ஆம் தேதி, என் மாமனாரும் மாமியாரும் நாத்தனாரின் இரண்டு பிள்ளைகளும் கோடை விடுமுறைக்காக இங்கே வருகிறார்கள். ஜூன் 12ஆம் தேதி திரும்புவதாகப் பயணச்சீட்டும் எடுத்துவிட்டார்கள். முந்தாநாள் படுக்கையறை ஏர்கோன் நின்றுவிட்டது. வீட்டுக்காரர் பார்க்கலாம் என்கிறார். எப்போது என்று சொல்லவில்லை. மதியம் இரண்டு மணிக்குத் தகரக் கூரை போட்ட பின்கட்டில் நின்று பாத்திரம் கழுவக்கூட முடியவில்லை. என் கணவர் நான்கு நாள் பகலிலும் நான்கு நாள் இரவிலும் மாறி மாறி வேலைக்குப் போகிறவர். முதன்முறையாக மாமியார் என் குடித்தனத்தைப் பார்க்க வருகிறார் என்று நினைத்தாலே எனக்குத் தூக்கம் வரவில்லை. அவர்களை எங்கே அழைத்துப் போவது, என்ன சமைப்பது, இந்த வெயிலில் எப்படி நாளைக் கடத்துவது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கூலிம்வாசி:

தங்கை, பதற்றம் வேண்டாம். நாங்கள் வந்தபோது பட்டதை ஒப்பிட்டால் உங்கள் நிலைமை எவ்வளவோ மேல். நான் 2020 மார்ச் 11ஆம் தேதி வந்திறங்கினேன். ஒரே வாரத்தில், 18ஆம் தேதி, நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்துவிட்டது. ஒரு வீட்டிலிருந்து ஒருவர்தான் வெளியே போகலாம், அதுவும் பத்து கிலோமீட்டருக்குள் என்றார்கள். என்னிடம் இருந்தது ஒரு சோற்றுப் பானையும் இரண்டு தட்டுகளும்தான். ஆறாம் நாள் மாலை வாசல் கேட்டில் ஒரு நெகிழிப் பை தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே பொரித்த மீனும், வாழையிலையில் கட்டிய சோறும், நான்கு மிளகாயும் இருந்தன. எதிர்வீட்டு மலாய் அம்மா வைத்துவிட்டுப் போனது என்று பிறகுதான் தெரிந்தது. அதை இன்றும் நினைத்தால் தொண்டை அடைக்கிறது. ஆகவே என் அனுபவத்தில் சொல்கிறேன்: முதலில் அண்டைவீட்டாரோடு பழகுங்கள், அடுத்து ஒரு மாதத்துக்கான பருப்பையும் புளியையும் வாங்கி வையுங்கள், எப்படியாவது ஒரு பழைய காராவது வாங்கிவிடுங்கள். கார் இல்லாமல் பீடோங்கில் ஒன்றும் நடக்காது.

லூனாஸ் ஆசிரியை:

வரும் விருந்தினரை எங்கே அழைத்துப் போவது என்பதல்லவா கேள்வி! நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், ஊரிலிருந்து உறவினர் வரும்போதெல்லாம் நாங்கள் போகும் வழியைச் சொல்கிறேன். காலையில் சுங்கைப்பட்டாணி நிலையத்தில் கொமூட்டர் ரயில் ஏறினால் பட்டர்வொர்த் போய்ச் சேரலாம்; அங்கிருந்து ஃபெரி முனையம் நடக்கும் தூரத்தில்தான் இருக்கிறது. கடல் காற்றோடு ஜார்ஜ் டவுனில் இறங்கி, குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலில் கும்பிட்டு, லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, மாலையில் தண்ணீர்மலைக்குப் போங்கள். 513 படி ஏறினால் பாலதண்டாயுதபாணி சந்நிதி. அங்கிருந்து பார்த்தால் பினாங்கு முழுவதும் விளக்கு ஏற்றினாற்போலத் தெரியும். ஊரிலிருந்து வந்தவர்கள் ஒருவர்கூட அந்தப் படியேறாமல் திரும்பியதில்லை. ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: முன்போல ஃபெரியில் கார் ஏற்ற முடியாது, இப்போது ஆட்களும் மோட்டார் சைக்கிள்களும் மட்டுமே. காரில் போவதானால் பாலம்தான்.

தோட்டத்துப் பிள்ளை:

மகளே, கோடை என்று நீ சொல்வது உன் ஊர்க் கணக்கு. எங்கள் வட்டாரத்தில் வறட்சி மாதம் என்றால் ஜனவரியிலிருந்து மார்ச் வரைதான்; அப்போதுதான் பால்மரமாகிய ரப்பர் மரம் இலை உதிர்த்து நிற்கும், பால் குறையும், சருகில் கால் வைத்தால் அப்பளம் நொறுங்குவதுபோலச் சத்தம் கேட்கும். நீ வந்த மாதத்தில் அதைத்தான் பார்த்திருப்பாய். ஏப்ரல், மே மாதங்களில் காலையில் வெயில் காயும், மதியத்துக்குப் பிறகு மேகம் கூடி, நான்கு மணிவாக்கில் இடியோடு மழை கொட்டும். வெயிலைவிட அந்த மின்னலுக்குத்தான் பயப்பட வேண்டும், திடலிலோ மரத்தடியிலோ பிள்ளைகளை நிற்க விடாதே. அப்பாவும் அம்மாவும் விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் சீவப் போவார்கள். வெயில் ஏறினால் பால் உறைந்து ஓட்டம் நின்றுவிடும் என்பதால் எங்கள் வேலையெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். இந்த ஊரில் வாழத் தெரிந்தவர்கள் பொழுதை அப்படித்தான் வகுத்தார்கள், நீயும் அப்படியே வகுத்துக்கொள்.

ஆசிரியையம்மா பினாங்கைச் சொன்னார். பீடோங்குக்கு வருகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது மெர்போக்கில் இருக்கும் பூஜாங் பள்ளத்தாக்கு அருங்காட்சியகத்தைத்தான். புக்கிட் பத்து பாகாட் சண்டி என்ற பழங்காலக் கோயிலின் கருங்கல் அடித்தளத்தை அங்கே நேரில் பார்க்கலாம், வேறு இடங்களில் கிடைத்த சில சண்டிகளையும் கொண்டுவந்து அதே வளாகத்தில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். அரியலூர் என்கிறாயே, கங்கைகொண்ட சோழபுரம் உங்கள் மாவட்டம்தானே? 1025ஆம் ஆண்டில் ராஜேந்திர சோழன் படை அனுப்பிக் கொண்ட கடாரம் இந்தக் கெடாதான். உன் மாமனார் அந்தக் கல்லைத் தொட்டுப் பார்க்காமல் ஊர் திரும்பலாமா? அந்தப் பள்ளத்தாக்கிலேயே 2013இல் வீட்டுமனைக்காக நிலத்தைச் சமன்படுத்தியபோது 11ஆம் எண் சண்டியை இடித்துத் தள்ளிவிட்டார்கள். கேட்பாரற்றுப் போனது என்று சொல்ல மாட்டேன், கேட்டார்கள், ஆனால் இடித்த பிறகுதான் கேட்டார்கள். எங்கள் தோட்டமும் அப்படித்தான் போயிற்று. பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்டார்கள், பிறகு துண்டுபோட்டு விற்றார்கள், தொழிலாளர் குடியிருந்த லயத்தை இடித்தார்கள், நான் படித்த பள்ளி இருந்த இடத்தில் இன்று பெட்ரோல் நிலையம் நிற்கிறது.

தஞ்சைக்காரன், சுங்கைப்பட்டாணி:

பெரியவர் சொல்வது வருத்தமான செய்திதான், ஆனால் புதிதாக வருகிறவர்கள் படும் பாட்டை யாரும் பேசுவதில்லை. நான் வாடகைக்கு வீடு தேடியபோது தொலைபேசியில் என் பெயரைக் கேட்டவுடன் வீடு போய்விட்டது என்றவர்கள் மூவர். மறுவாரமும் அதே வீட்டுக்கு விளம்பரம் இருந்தது. சரி, அவர்கள் வேற்று இனத்தவர். நம் தமிழரே கடையில் என் பேச்சைக் கேட்டு, ஊர்க்காரரா, அதாவது இந்தியாவிலிருந்து வந்தவரா என்று கேட்டுவிட்டு, என் காதுபடவே தங்களுக்குள் சிரித்தார்களே, அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. மாமனார், மாமியாருக்கும் இது நேரலாம் என்பதால் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

லூனாஸ் ஆசிரியை:

அப்படிச் சிரித்தவர்கள் சார்பில் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அதோடு எங்கள் பக்கத்தையும் எண்ணிப் பாருங்கள், ஐயா. இங்கே புதிதாக வருகிறவர்களில் சிலர் எங்கள் தமிழைத் தமிழே இல்லை என்று முகத்துக்கு நேரே சொன்னதும் உண்டு. கடனும் வியர்வையுமாக எங்கள் பாட்டன்மார் கட்டிய ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளில் இன்னும் பாடம் நடக்கிறது. அந்தத் தமிழில்தான் நான் இருபத்தாறு ஆண்டு கற்பித்தேன்.

கூலிம்வாசி:

வாடகை வீட்டுக் கதையை நான் தொடங்கினால் இரவு போதாது. முன்பணத்தைத் திரும்பப் பெற எனக்கு ஏழு மாதமாயிற்று.

பாடாங் செராய் அக்கா:

அனைவரும் ஒரு நிமிடம் பொறுங்கள். இந்தப் பெண்ணுக்கு இருப்பது ஒன்பது நாள். நான் முப்பது ஆண்டு தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள், எனக்கு முதலில் சில விவரங்கள் தெரிய வேண்டும். தங்கச்சி, மாமனாருக்கும் மாமியாருக்கும் என்ன வயது, என்னென்ன நோய் இருக்கிறது, என்ன மருந்து சாப்பிடுகிறார்கள்? எந்த விமான நிலையத்தில் இறங்குகிறார்கள்? கார் இருக்கிறதா? அவர்களுக்கு 45 நாள் தங்க எந்த அனுமதியின்பேரில் சீட்டு எடுத்தீர்கள்?

புதுவரவு, பீடோங்:

அக்கா, இதையெல்லாம் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள். மாமனாருக்கு 71 வயது, இரண்டு ஆண்டுக்கு முன் இதயத்தில் பைபாஸ் அறுவை சிகிச்சை செய்திருக்கிறார்கள். மாமியாருக்கு 66, இரண்டு முழங்காலிலும் தேய்மானம், சர்க்கரையும் உண்டு. இருவரும் சைவம். பிள்ளைகளுக்கு 9 வயதும் 12 வயதும் ஆகிறது. பினாங்கில் இறங்குகிறார்கள். எங்களிடம் கார் இல்லை. அனுமதி பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. இந்தியர்களுக்கு இப்போது விசா வேண்டாம் என்று பயணச்சீட்டு போட்டுக் கொடுத்தவர் சொன்னார்.

இன்னொன்றையும் நான் எழுத மறந்துவிட்டேன். மாமனாரின் சின்னத்தாத்தா அந்தக் காலத்தில் பீடோங் பக்கம் ஏதோ தோட்டத்துக்கு வந்து இங்கேயே இருந்துவிட்டாராம். அவர் பிள்ளைகள் வழியில் யாராவது இருந்தால் பார்க்க வேண்டும் என்பதே மாமனார் வருவதற்கு முக்கியக் காரணம். தோட்டத்தின் பெயர் தெரியவில்லை. ஒரு பழைய புகைப்படம் மட்டும் இருக்கிறது.

கூலிம்வாசி:

விசா இல்லாமல் 30 நாள்தான் தங்கலாம், ஆனால் அதைப் பற்றிக் கவலையே வேண்டாம். இருபத்தைந்தாம் நாள் தாய்லாந்தின் ஹட்யாய் வரை ஒரு நாள் போய்விட்டுத் திரும்பி நுழைந்தால் மீண்டும் 30 நாள் முத்திரை குத்துவார்கள். என் நண்பர் தம் பெற்றோருக்கு அப்படித்தான் செய்தார்.

பாடாங் செராய் அக்கா:

உங்கள் நண்பருக்கு நடந்தது நல்லதுதான், தம்பி, ஆனால் திரும்பி நுழையும்போது எத்தனை நாள் கொடுப்பது என்பதும், கொடுப்பதா வேண்டாமா என்பதும் அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரியின் கையில்தான் இருக்கிறது. பைபாஸ் ஆன பெரியவரையும் சர்க்கரை உள்ள அம்மாவையும் புக்கிட் காயூ ஈத்தாம் எல்லை வரிசையில் நிற்கவைத்து அந்தச் சோதனையைச் செய்துபார்க்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தங்கச்சி, நிதானமாகப் படி. இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு 2023 டிசம்பர் 1 முதல் விசா இல்லாமல் 30 நாள் தங்க அனுமதி இருக்கிறது, அந்தச் சலுகை 2026 இறுதிவரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. விசா வேண்டாம் என்று உனக்குச் சொன்னவர் 30 நாள் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஏப்ரல் 28 இறங்கினால் மே 27க்குள் கிளம்ப வேண்டும். நீ மே 25க்கு முன் ஒரு தேதிக்குச் சீட்டை மாற்று, ஏனென்றால் விமானம் தள்ளிப்போனாலும் கையில் இரண்டு நாள் இருக்க வேண்டும். கட்டணம் கூடினாலும் மாற்று; காலம் கடந்து தங்கினால் அபராதமும் தடுப்புக் காவலும் வரலாம், அடுத்த முறை நுழைவதும் சிக்கலாகும். அதைவிட நீண்ட நாள் பெற்றோரைத் தங்கவைக்க நீண்டகாலச் சமூக வருகை அனுமதி என்று ஒன்று உண்டு, அது உன் கணவரின் வேலை அனுமதி எந்த வகை என்பதைப் பொறுத்தது. அவர் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் இந்த வாரமே கேட்கட்டும், ஆனால் ஒன்பது நாளில் அது கைக்கு வரும் என்று எண்ணாதே.

மலேசியா வருகிறவர்கள் இறங்குவதற்கு மூன்று நாளுக்குள் இணையவழி வருகை அட்டையை நிரப்ப வேண்டும், அதற்குக் கட்டணம் இல்லை. நால்வருக்கும் தனித்தனியாக நீயே இங்கிருந்து நிரப்பிவிடலாம், கடவுச்சீட்டுப் படங்களை மட்டும் அனுப்பச் சொல். பிள்ளைகள் பெற்றோர் இல்லாமல் தாத்தா, பாட்டியோடு வருவதால் உன் நாத்தனாரும் அவர் கணவரும் கையெழுத்திட்ட சம்மதக் கடிதத்தை நோட்டரி முத்திரையோடு கொடுத்தனுப்பட்டும்; கேட்காமலும் விடலாம், ஆனால் கேட்டுவிட்டால் அதற்கு மாற்று இல்லை. உன் மாமியார் கறிவேப்பிலைக் கன்றும் மாம்பழமும் கொண்டுவர ஆசைப்படுவார், வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடு. செடி, விதை, பழம் ஆகியவற்றுக்கு அனுமதிச் சான்று வேண்டும், இல்லாவிட்டால் விமான நிலையத்திலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள். கறிவேப்பிலை பீடோங்கில் வீட்டுக்கு வீடு இருக்கிறது.

இனி உடம்பைப் பார்ப்போம். பயணக் காப்புறுதி எடுக்கும்போது பைபாஸை மறைக்காமல் எழுதச் சொல், மறைத்தால் காப்புறுதி இருந்தும் இல்லாததுபோல்தான். அரசாங்க மருத்துவமனையில் நமக்கு ஒரு வெள்ளியில், அதாவது ஒரு ரிங்கிட்டில், பார்க்கிறார்கள் என்று பக்கத்து வீட்டார் சொல்வார்கள். அது குடிமக்களுக்கு, வெளிநாட்டவருக்குக் கட்டணம் வேறு, வார்டில் சேர்த்தால் முன்பணமும் கேட்பார்கள். மருந்துகளை அட்டைப் பெட்டியோடும், மருத்துவர் எழுதிய சீட்டோடும், கைப்பையிலேயே கொண்டுவர வேண்டும். முக்கியமான ஒன்று: வெயிலுக்கு நிறைய தண்ணீர் குடியுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள், உன் மாமனாருக்கு அதை அப்படியே சொல்லிவிடாதே. இதய நோயாளிகள் சிலருக்கு நாளைக்கு இவ்வளவுதான் என்று தண்ணீருக்கு அளவு வைத்திருப்பார்கள், சிறுநீர் பிரியும் மாத்திரையும் கொடுத்திருப்பார்கள். கிளம்புமுன் அவர் மருத்துவரிடம் அந்த அளவைக் கேட்டு எழுதி வாங்கிவரட்டும். இங்கே தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35 டிகிரியைத் தொட்டாலே வானிலைத் துறை முதல் நிலை எச்சரிக்கை விடுகிறது. ஊரில் 40 டிகிரி பார்த்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஆனால் இங்கே காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடம்பு குளிராது. மயக்கம், குழப்பமான பேச்சு, நெஞ்சில் அழுத்தம் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் 999ஐ அழை. பிறகுதான் கணவரை அழைக்க வேண்டும்.

ஏர்கோனைப் பற்றி வீட்டுக்காரர் பார்க்கலாம் என்று சொன்னதை நம்பி இருக்காதே. வாடகை ஒப்பந்தத்தில் பராமரிப்பு யார் பொறுப்பு என்று பார்த்துவிட்டு, அவருக்கு எழுத்தில் ஒரு செய்தி அனுப்பி, நீயே ஆளைக் கூப்பிட்டு ரசீதை வைத்துக்கொள். கெடாவில் வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை அலுவலகமும் வங்கியும் பள்ளியும் திறந்திருக்கும். நீ வெள்ளிக்கிழமை மதியம் ஆளைத் தேடினால் கிடைக்க மாட்டார், பாலத்துக்கு அப்பால் பினாங்கிலோ சனியும் ஞாயிறும் விடுமுறை. இதைச் சுவரில் எழுதி ஒட்டிக்கொள். வாளி, பூந்தொட்டித் தட்டு, கூரை ஓடை எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீரை வாரம் ஒருமுறை கவிழ்த்துவிடு. செம்பனை ஓரத்து வீட்டில் ஏடிஸ் கொசு வந்தால் டிங்கிக் காய்ச்சலுக்கு வயதானவர் தாங்க மாட்டார்.

வெளியே போவது பற்றி ஆசிரியையம்மாவும் பெரியவரும் சொன்னது இரண்டும் சரி, ஆனால் 513 படி இவர்களுக்கு இல்லை. அதற்குப் பதிலாகப் பினாங்குக் கொடிமலைக்குப் போங்கள். கம்பிவட ரயிலில் உட்கார்ந்தபடியே மேலே போகலாம், உச்சியில் அருளொளித் திருமுருகன் ஆலயம் இருக்கிறது, கீழே இருப்பதைவிடக் குளிர்ச்சியாகவும் இருக்கும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் கூடுதல் என்பதைக் கணக்கில் வைத்துக்கொள். பள்ளி விடுமுறை தொடங்குமுன் ஒரு வேலைநாளில் போய்விடு. மெர்போக் அருங்காட்சியகத்துக்குக் காலையிலேயே வாடகைக் காரைப் போகவரப் பேசிக் கொண்டுபோ. வளாகத்தில் ஏற்றம் இருக்கிறது, அம்மா முதல் கட்டடத்தோடு உட்கார்ந்துகொள்ளட்டும். பிள்ளைகள் தூப்பா நீர்வீழ்ச்சியைக் கேட்பார்கள். காலையில் மட்டும் போங்கள். மலைமேல் மழை பெய்தால் கீழே வெயில் அடிக்கும்போதே தலைவெள்ளம் இறங்கும், 2021 ஆகஸ்டில் ஜெராய் மலையிலிருந்து யான் பக்கம் இறங்கிய வெள்ளத்தில் உயிர்கள் போயின. தண்ணீர் கலங்கினாலோ சருகு அடித்து வந்தாலோ துணியைக்கூட எடுக்காமல் மேட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

வெளியே சாப்பிடும்போது கீரை சைவம் என்று நினைத்துவிடாதே, கங்கோங் கீரையில் பெலாச்சான் இருக்கும், அது இறாலை அரைத்துச் செய்தது. சம்பலில் நெத்திலி இருக்கும். "தா மாவ் பெலாச்சான், தா மாவ் இக்கான் பிலீஸ்", அதாவது பெலாச்சானும் நெத்திலியும் வேண்டாம் என்று சொல்லப் பழகிக்கொள். மற்ற நாள்களில் அவர்கள் சும்மா இருக்கட்டும். காலை ஏழு மணிக்கு மாமியாரைப் பசாருக்கு அழைத்துப் போய்க் காய் பொறுக்க விடு. பத்து மணிக்கு மேல் வீடு. மழை விட்ட பிறகு கோயில். நீ ஜோடித்து வைத்த சுற்றுலாவைவிட அந்தக் காய் பொறுக்கும் நேரத்தில்தான் அவர் உன் குடித்தனத்தைப் பார்ப்பார்.

தஞ்சைக்காரன், சுங்கைப்பட்டாணி:

அக்கா சொன்ன காப்புறுதி விஷயம் மிகச் சரி. என் தந்தையார் வந்தபோது எடுக்காமல் விட்டு, ஒரு தனியார் மருத்துவமனையில் இரண்டு நாளுக்கு நான் கட்டிய தொகை ஆறு மாதச் சேமிப்பு. தங்கை, விமான நிலையத்திலிருந்து அழைத்துவர என் கார் இருக்கிறது. ஏப்ரல் 28 செவ்வாய்க்கிழமை, அன்று நான் விடுப்பு எடுத்துக்கொள்கிறேன்.

தோட்டத்துப் பிள்ளை:

மகளே, நான் என் பள்ளியை நினைத்துப் புலம்பியதில் உன் கேள்வியை விட்டுவிட்டேன். அந்தப் புகைப்படத்தைப் பற்றிச் சொல். பின்னால் கோயிலோ, பள்ளிப் பலகையோ, பால் நிறுக்கும் கொட்டகையோ தெரிகிறதா?

புதுவரவு, பீடோங்:

ஐயா, இப்போதுதான் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு பேர் வரிசையாக நிற்கிறார்கள், எல்லோர் கையிலும் வாளி இருக்கிறது. பின்னால் தகரக் கொட்டகை. அதன் பக்கத்தில் ஒரு சிறிய கோயில், வாசலில் இரண்டு மண்குதிரைகள். ஒரு குதிரைக்கு முன்கால் ஒன்று உடைந்திருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளை:

அது முனியாண்டி கோயிலாகவோ ஐயனார் கோயிலாகவோ இருக்க வேண்டும். தோட்டம் கைமாறிப் பெயர் மாறியிருக்கும், லயமும் இருக்காது, ஆட்கள் தாமான் என்னும் புதுக் குடியிருப்பு வீடுகளுக்குப் போயிருப்பார்கள்; ஆனால் கோயிலை மட்டும் பெரும்பாலும் பெயர்க்காமல் விட்டிருப்பார்கள், செம்பனைக்கு நடுவில் தனியாக நிற்கும். குதிரை வைத்த கோயில் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரிந்து மூன்று. ஒன்றில் வெள்ளிக்கிழமை மாலை ஆறரைக்கு இன்னும் பூசை நடக்கிறது, பழைய தோட்டத்து ஆட்கள் அன்று வந்து கூடுவார்கள். படத்தைப் பெரிதாக இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு வா. மாமனாரின் சின்னத்தாத்தா பெயரையும், அவர் மனைவியின் பெயரையும், ஊரில் அவர்கள் தெருவின் பெயரையும் பின்னால் எழுதி வை. இங்கே பலருக்குத் தாத்தாவின் ஊர்ப் பெயர் மறந்திருந்தாலும் பாட்டியின் பெயர் நினைவிருக்கும்.

புதுவரவு, பீடோங்:

அனைவருக்கும் நன்றி. திரும்பும் சீட்டை மே 24க்கு மாற்றியாயிற்று, நால்வருக்கும் சேர்த்துக் கூடுதலாகக் கட்டினோம். மாமனார் நாளை மருத்துவரைப் பார்க்கப் போகிறார். ஏர்கோன் ஆள் வியாழக்கிழமை காலை வருகிறேன் என்றிருக்கிறார். தஞ்சை அண்ணா, உங்களுக்கு விமான நேரத்தைத் தனியாக அனுப்புகிறேன். ஐயா, இந்த வெள்ளிக்கிழமையே நானும் என் கணவரும் வருகிறோம், அவருக்கு அன்று இரவு வேலை இல்லை. மாமியாரிடம் தொலைபேசியில் கேட்டேன். அந்தப் பாட்டியின் பெயர் செங்கமலம்.